வாசல் மிதியடியில் தொடங்கும் தீ

தீபாவளி இரவில் தப்பிப் பறந்த ராக்கெட் ஒன்று கூரை வீட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறி விழுந்த இடம் ஒரு கையகலம், எரிந்துபோவது தெருவே. காட்டுத்தீயில் வீடுகள் எரிவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மூண்ட பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 8 அன்று, அதே கலிஃபோர்னியாவின் வடக்கே பாரடைஸ் என்ற ஊர் ஒரே பகலில் கருகியது. அந்தத் தீயில் 85 உயிர்களும் 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் போயின. பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவரக் கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏறும் அம்மா அப்பாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே நமக்கும் இது அந்நியச் செய்தி இல்லை. சாம்பலை அள்ளிவிட்டு அதே மனையில் மறுபடி கட்டுகிறவர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: காட்டுத்தீ சுவர்போல எழுந்து வந்து வீடுகளை விழுங்குகிறது.

தொலைக்காட்சி காட்டுவது அந்தத் தீச்சுவரைத்தான். பெரும்பாலும் வீட்டைக் கொளுத்துவது, அதற்கு முன்னோடியாகக் காற்றில் வரும் கங்கு. எரியும் மரப்பட்டை, பைன் ஊசியிலை, யார் வீட்டுக் கூரையிலிருந்தோ பிய்ந்த துண்டு என்று விரல்நுனி அளவுக் கங்குகள் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியும் வந்து விழும். 2025 ஜனவரியில் வீசிய சான்டா ஆனா காற்று சில இடங்களில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டியது. கங்குக்கு அதைவிட நல்ல வாகனம் எது?

அமெரிக்க வன சேவையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன், 1990-களின் பிற்பகுதியில் கனடாவின் வடமேற்கில் நடந்த சோதனைகளில், உச்சிவரை கொழுந்துவிட்டு எரியும் காட்டின் எதிரே 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரச்சுவர்களை நிறுத்திவைத்துப் பார்த்தார். 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றின. 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நின்றவை பற்றவில்லை. அத்தனை பெரிய தீ 20 மீட்டரில் கைவிட்டதை ஒரு கங்கு கிலோமீட்டர் தாண்டி வந்து முடித்துவிடுகிறது.

அப்படி வரும் கங்குகளைக் கொஞ்சம் பின்தொடர்வோம். முதல் கங்கு வாசலில் கிடக்கும் தென்னைநார் மிதியடியில் விழுகிறது. நாருக்குள் சிக்கிக்கொண்டு புகைகிறது. கொல்லன் துருத்திபோலக் காற்று ஊதிக்கொண்டே இருக்க, பத்து நிமிடத்தில் மிதியடி எரிந்து, தீ கதவின் மரநிலையைத் தொடுகிறது. இரண்டாவது, கூரையோரத்தில் மழைநீர் வடிய மாட்டிய தகரத்தில் ஒன்றரை வருடமாகச் சேர்ந்த சருகின் மேல் விழுகிறது. மூன்றாவதுதான் கள்ளத்தனமானது. பரணுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று இறவாரத்துக்கு அடியில் விட்ட துளையில் அது நுழைந்துவிடுகிறது. அங்கே மாட்டிய வலை எலியும் குருவியும் புகாமல் இருக்கப் போட்டது. கங்குக்கு அது திறந்த கதவு. உள்ளே காய்ந்த மரச்சட்டங்கள், அட்டைப்பெட்டிகள், பழைய துணிமூட்டை. தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வீடு அப்படியே இருக்கும். உள்ளே தலைக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும்.

இதனால்தான் கலிஃபோர்னியாவின் காட்டுத்தீப் பகுதிகளுக்கான கட்டட விதிகள் அந்த வலையின் கண் அளவையே பிடித்துக்கொள்கின்றன: சுமார் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கங்கைத் தடுக்கவென்றே செய்த காற்றுத்துளைகளும் கடையில் கிடைக்கின்றன.

நம்பிக்கை 2: சுற்றியுள்ள மரங்களை வெட்டித் தள்ளிவிட்டால் வீடு தப்பும்.

பாரடைஸ் எரிந்த பிறகு மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. வீடு இருந்த இடத்தில் வெள்ளைச் சாம்பலும் ஒரு புகைபோக்கியும். அதன் தலைமாட்டிலேயே பச்சை மாறாமல் நிற்கும் பைன் மரங்கள். காட்டிலிருந்து மரம் மரமாகத் தாவித் தீ வந்திருந்தால் அந்தப் பைன்கள் நின்றிருக்காது. ஈரமுள்ள மரம் அத்தனை எளிதில் பற்றுவதில்லை. பல மனைகளில் வீட்டுத்தீதான் பக்கத்து மரத்தைக் கருக்கியது.

கவனம் போகவேண்டிய இடம் சுவரை ஒட்டிய முதல் ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர். 2020-ல் கலிஃபோர்னியா இயற்றிய ஒரு சட்டம் இதை ‘ஜீரோ மண்டலம்’ என்று தனியே பிரிக்கிறது. மரச்சீவல் மூடாக்கு, சுவரில் சாய்ந்த புதர், அடுக்கிய விறகு, வீட்டுச் சுவரில் வந்து முட்டும் மரவேலி ஆகிய எதுவும் அங்கே இருக்கலாகாது. மரவேலி சுவரோடு சேரும் இடம் பட்டாசுத் திரிபோல. தெருக்கோடியில் பற்றியதை வீடுவரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். கடைசி ஐந்தடிக்காவது வேலி இரும்பாக இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்கிக் கோலம் போடத் தயாராக இருக்கும் நம் ஊர் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நாலாபுறமும் அப்படி இருந்தால் போதும். அதைத் தாண்டி, கூரைமேல் கிளை கவியாதபடி கழித்துவிட்டால், நிழல் மரத்தை வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை 3: மரவீடு என்றால் சாம்பல்தான், கான்கிரீட் வீடு எரியாது.

2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரம் எரிந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு எடுத்த படங்களில், கடற்கரைச் சாலை முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடக்க, சிவப்புக் கூரையோடு ஒரு வீடு மட்டும் நேற்றுக் கழுவிவிட்டதுபோல நின்றது. அது ஏறக்குறைய நூறு வருடத்து மரவீடு. அண்மையில் அதைப் பழுதுபார்த்தவர்கள் பழைய கூரையை எடுத்துவிட்டு உலோகத் தகடு போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டிய செடிகொடிகளைப் பிடுங்கிவிட்டு ஆற்றுக்கற்களைப் பரப்பியிருந்தார்கள். தீயை நினைத்துச் செய்த வேலையும் இல்லை; செடிகளைப் பிடுங்கியது கரையானுக்குப் பயந்து! ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சாலை என்று அந்த மனைக்கு அதிர்ஷ்டமும் துணை நின்றது உண்மைதான். ஆனாலும் கங்கு விழுந்து தங்க அங்கே இடமில்லை.

கான்கிரீட் சுவர் எரியாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுவரில் ஜன்னல் உண்டே. பக்கத்து வீடு எரியும் வெக்கையில் சாதாரணக் கண்ணாடி சட்டென்று விரிசல் விட்டு உதிரும். பிறகு கங்கு நேரே திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் வந்துவிடும். கான்கிரீட் பெட்டிக்குள் எல்லாம் எரியும். அதனால் ஜன்னலுக்கு இரண்டடுக்குக் கண்ணாடி, அதில் ஓர் அடுக்காவது டஃபன்ட் கிளாஸ் என்பது விதி. கலிஃபோர்னியாக்காரர்கள் மரச்சட்டத்தில் கட்டுவதும் அறியாமையால் இல்லை. நிலநடுக்க பூமியில் மரச்சட்டம் நெகிழ்ந்து கொடுக்கும். சட்டம் மரமாக இருக்கட்டும். வெளித்தோல் சிமென்ட் பூச்சாகவோ சிமென்ட் பலகையாகவோ, கூரை எரியாத ஓடாகவோ தகடாகவோ இருக்கட்டும். இறவாரத்தின் அடிப்பக்கம் இடுக்கில்லாமல் மூடியிருக்கட்டும்.

நம்பிக்கை 4: என் வீட்டைச் சரியாகக் கட்டிவிட்டேன், இனிக் கவலையில்லை.

கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அபாயப் பகுதிகளுக்கான கடும் விதிகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன. பாரடைஸ் தீயின் பாதையில் இருந்த வீடுகளைப் பற்றி 2019-ல் வெளியான ஒரு பத்திரிகை ஆய்வின்படி, 2008-க்குப் பிறகு கட்டியவற்றில் 51 சதவீதம் சேதமில்லாமல் தப்பின. அதற்கு முன் கட்டியவற்றில் 18 சதவீதம்தான். விதி வேலை செய்கிறது. அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: விதிப்படி கட்டியும் ஏறக்குறைய பாதி வீடுகள் தப்பவில்லை. பிறகு நடந்த ஆய்வுகளில், எரிந்துபோன வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பதே பக்கத்து வீட்டின் விதியைப் பெரிதும் தீர்மானித்ததாகத் தெரிந்தது. காட்டுத்தீ ஓரிடத்தில் சில நிமிடங்களில் கடந்துவிடும். பற்றிய வீடு மணிக்கணக்காக எரியும்.

ஆகவே தெருவாகச் சேர்ந்து கட்டுவதே நல்லது. தெற்குக் கலிஃபோர்னியாவின் எஸ்கோன்டிடோவில் டிக்ஸன் ட்ரெயில் என்ற குடியிருப்பில் 64 வீடுகளையும் ஒரே தீத்தடுப்பு அளவுகோலின்படி கட்டத் திட்டமிட்டார்கள். மரவேலிக்குப் பதில் உலோக வேலி, மூடிய மழைநீர்த் தகரம் என எல்லா வீட்டுக்கும் ஒரே நியதி.

நம்பிக்கை 5: இதெல்லாம் பணக்காரர் வேலை.

ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018-ல் கணக்குப் போட்டுப் பார்த்தது. புதிதாகக் கட்டும்போது தீயைத் தாங்கும் வீட்டுக்கும் வழக்கமான வீட்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. கூரைக்குக் கூடினால் வெளிச்சுவரில் குறைகிறது. கட்டி முடித்த வீட்டை உடைத்து மாற்றும்போதுதான் கை கடிக்கும். கூரையை மாற்ற முடியாதவர்களும் வலை மாட்டலாம், சருகு அள்ளலாம்.

நம்பிக்கை 6: குழாயும் நீச்சல்குளமும் இருந்தால் நின்று காப்பாற்றிவிடலாம்.

பாலிசேட்ஸ் பகுதியின் மேட்டுத் தெருக்களுக்கு மூன்று நீர்த்தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 38 லட்சம் லிட்டர். 2025-ல் தீ மூண்ட மறுநாள் விடிவதற்குள் மூன்றும் வற்றிவிட்டன. தீயணைப்பு வீரர்களின் குழாயிலேயே தண்ணீர் வரவில்லை. மின்சாரம் போனால் மோட்டாரும் ஓடாது. நல்ல வீடு என்பது ஆளில்லாத நேரத்திலும் தன்னைப் பார்த்துக்கொள்வது. ஆள் கிளம்பிவிட வேண்டும்.

நம்பிக்கை 7: பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டினால் போதும்.

இழந்தவர்களின் ஆசை இது; குறை சொல்ல மனம் வராது. 2025 தீக்குப் பிறகு, பழைய அளவில் 110 சதவீதத்துக்குள் கட்டினால் அனுமதியும் விரைவாகக் கிடைக்கும்படி செய்தார்கள். அளவு அதேயாக இருக்கலாம். உள்ளமைப்பும் அதேயாக இருக்க வேண்டுமா?

பாரடைஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். சட்டென்று எழுந்து ஓட முடியாதவர்களுக்கு வீட்டின் அமைப்பே உயிர்ப் பிரச்சினை. 2017-ல் கலிஃபோர்னியாவில் மூண்ட காட்டுத்தீயில் மின்சாரம் போனதும் கார் ஷெட்டின் தானியங்கிக் கதவைத் தூக்க முடியாமல் முதியவர்கள் தவித்தார்கள். அதன் பிறகுதான் 2019 ஜூலை முதல் அந்தக் கதவு எந்திரங்களுக்கு பேட்டரி கட்டாயமானது. வீடு யாருக்காக என்ற கேள்வி தீத்தடுப்பிலிருந்து பிரியாது.

மறுபடி கட்டும்போது கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஒரு படுக்கையறை வைத்தால், இன்று அது பிள்ளை படிக்கும் அறை, நாளை ஊரிலிருந்து வரும் பாட்டிக்கு, பிறகு நமக்கே. படியில்லாத வாசலும் சக்கர நாற்காலி நுழையும் கதவும் அன்றாடத்துக்கும் உதவும், அவசரத்துக்கும் உதவும். ஒவ்வோர் அறையிலிருந்தும் இரண்டு வழி யோசியுங்கள். குளியலறையில் பின்னாளில் பிடிகம்பி மாட்டச் சுவருக்குள் இப்போதே வலுவூட்டும் கட்டை வைக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியா விதியே சொல்கிறது. உள்சுவர்களில் பாரம் தாங்காதவற்றை அதிகம் வைத்தால், குடும்பம் பெருகும்போதும் குறையும்போதும் இடித்து மாற்றிக்கொள்ளலாம். வெளித்தோலைத் தொட வேண்டியிராது. கொல்லையில் சிறு வீடு ஒன்று சேர்த்துப் பெற்றோரையோ வாடகைக்காரரையோ வைப்பதும் அங்கே இப்போது சகஜம். அதைப் பெரிய வீட்டுக்கு எரிபொருளாக ஆக்கிவிடாமல் தள்ளிக் கட்டி, அதே கூரை, அதே கண்ணாடி, அதே வலை போட வேண்டும்.

கிரகப்பிரவேசத்தோடு இந்த வேலை முடிவதில்லை. வருடா வருடம் சருகு விழும். வலையில் தூசி அடையும். ஐந்தடிக்குள் யாராவது ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கலிஃபோர்னியாவில் உங்கள் பிள்ளை வீட்டில் இருக்கும்போது, செல்போனில் பலத்த காற்று எச்சரிக்கை வந்தால், மற்றதைப் பிறகு பாருங்கள். முதலில் வாசல் மிதியடியைச் சுருட்டி உள்ளே எடுத்து வையுங்கள்.