முயல் சாப்பிடவில்லையா? டாக்டர் வரும்வரை என்ன செய்யலாம்?

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து புல்லைத் தொடவே மாட்டேங்குது ஐயா. டாக்டர் நாளைக்குத்தான் வருவாராம். அதுவரைக்கும் ஏதாச்சும் கஷாயம் குடுக்கலாமா?"

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் சித்த வைத்தியரிடம் கேட்கும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷாயம் வேண்டாம். சூரணம் வேண்டாம். மனிதனுக்குப் படித்த வைத்தியம் முயலுக்கு ஆகாது. அதற்கு மருந்து சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். ஆனால் அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை முயலின் உயிரைப் பிடித்து வைக்கும் வேலை உங்களுடையது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தாமதம் எங்கே தொடங்குகிறது?

நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் கால்நடை மருத்துவமனைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆடு, மாடு, கோழி. முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரைக்கோ, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போவதென்றால் அரை நாள் பயணம். பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்த பிறகு கார், பஸ் ஓடுகிறது என்றாலும், மழைக்காலத்தை யார் நம்புவது? 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு மனிதரே நகர முடியவில்லை.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய தாமதம் நம் வீட்டிலேயே நடக்கிறது. முயல் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் தளர்ந்து நிற்கும் முயலைத்தான் நரியும் கழுகும் முதலில் பிடிக்கும். அதனால் வலியிருந்தாலும் சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடும். "சும்மா தூங்குது" என்று நாம் நினைப்போம். நமக்குத் தெரியவரும்போது நோய் பாதி வழி தாண்டியிருக்கும்.

பட்டினி மருந்தல்ல!

"லங்கணம் பரம ஔஷதம்" என்பார்கள். வயிறு கெட்டால் ஒருவேளை பட்டினி போடுவது நமக்கு நல்லது. முயலுக்கு அதே பட்டினி எமன்!

காரணம் எளிது. முயலின் பெருங்குடல் தொடக்கத்தில் பெரிய பை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லின் நாரைச் செரிக்கின்றன. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். சாப்பாடு நின்றால் குடல் மந்தமாகும், உள்ளே இருப்பது காயும், வாயு சேரும், வலிக்கும். வலியால் இன்னும் சாப்பிடாது. இப்படியே சுழல் இறுகி, ஈரலும் கெடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆகவே மனதில் எழுதி வையுங்கள்: 12 மணி நேரம் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசர நோய். "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளக்கூடாது.

எட்டில் ஆறு போதும்

சித்த மருத்துவத்தில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு உண்டு. முயலுக்கு நாடி பார்க்க முடியாது. அதன் இதயம் நிமிடத்துக்கு 180 முதல் 250 வரை அடிக்கும். நாக்கைப் பார்க்கிறேன் என்று வாயைப் பிளக்கவும் வேண்டாம். மற்ற ஆறும் உங்களுக்கு உதவும்.

ஸ்பரிசம்: காதைத் தொடுங்கள். கொதிக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? வயிறு மெத்தென்று இருக்கிறதா, மத்தளம் மாதிரி விறைத்திருக்கிறதா?

நிறம்: ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உதட்டை லேசாக விலக்கினாலே தெரியும். வெளுத்தால் ஆபத்து.

மொழி: பல்லை நறநறவென்று உரக்கக் கடித்தால் வலி.

விழி: பாதி மூடி, ஒளியிழந்து இருந்தால் கவனம்.

மலம்: புழுக்கை சிறுத்ததா, நின்றே போனதா, தண்ணீராகப் போகிறதா? (மிருதுவான, கொத்தான புழுக்கையை அதுவே தின்பது இயல்பு. பயப்பட வேண்டாம்.)

மூத்திரம்: வெண்மையாகக் கலங்கியோ, தீனியின் நிறத்தால் சிவந்தோ போவதுண்டு. சொட்டுச் சொட்டாக முக்கிப் போனால்தான் கவலை.

இவற்றை நேரம் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

1. முதலில் காதைத் தொட்டு முடிவெடுங்கள். முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டை வெளியேற்றுவது முக்கியமாகக் காதுதான். நம் நாட்டில் மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்ப்பது கொடைக்கானல் மலையில், குளிர்ந்த மன்னவனூரில். நாமோ மீன்பிடித் தடைக்காலத்து வெயிலில், தகர ஷெட்டின் கீழ் வளர்க்கிறோம்! காது கொதித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் காதை நனைத்து, விசிறி போடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

2. மாறாக, காதும் பாதமும் சில்லிட்டு, உடல் துவண்டால் சூடு வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். விலகிப் போக இடமும் விடுங்கள்.

3. நீங்கள் குடிக்கும் நல்ல தண்ணீரையே வையுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பாட்டிலில் குடிக்காவிட்டால் தட்டையான கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள்.

4. அருகம்புல், கொத்தமல்லித் தழை, புதினா எல்லாவற்றையும் கழுவி மூக்கருகே வையுங்கள். தானாகத் தின்னும் ஒரு வாய் புல், நாம் ஊட்டும் பத்து வாய்க்குச் சமம்.

5. தின்னவே இல்லையென்றால், டாக்டரைப் போனில் கேட்டுக்கொண்டு ஊட்டலாம். முயல் தீவனக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் வாயின் பக்கவாட்டில், ஒரு தடவைக்கு அரை மில்லி வீதம். விழுங்கிய பிறகே அடுத்தது. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 10 மில்லி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. மல்லாத்திப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

எச்சரிக்கை! வயிறு மத்தளமாக உப்பியிருந்தாலோ, விழுங்கத் தெம்பில்லாமல் துவண்டிருந்தாலோ ஊட்டவே கூடாது. குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது ஒரே வழி, எவ்வளவு தூரமானாலும் கிளம்புவதுதான்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

வீட்டில் மீந்த அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே சாகும். பேதி மருந்து, விளக்கெண்ணெய், பால், பிஸ்கட், சோறு, இவையும் வேண்டாம். நாய்க்கு உண்ணி போகத் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. சொறிக்கு மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். முயல் அதை நக்கி விழுங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காதைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்புறத்துக்கு.

போனும் பயணமும்

கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி எண் 1962. அது பெரும்பாலும் பண்ணைக் கால்நடைகளுக்கானது. முயலுக்கு வண்டி வராவிட்டாலும், அருகில் யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எடை, வயது, கடைசியாகத் தின்ற நேரம், கடைசிப் புழுக்கை, காதுச் சூடு, வயிறு, இந்த ஆறையும் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் அவருக்கு அவசரம் புரியும்.

கோடையில் அதிகாலையிலோ இரவிலோ கிளம்புங்கள். காற்றோட்டமான கூடை, அடியில் ஈரம் உறிஞ்சும் துணி, ஒரு பிடி புல். கூடையை மூடிப் பாதி இருட்டாக்கினால் பயம் குறையும். பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

இத்தனையும் செய்தும் சில முயல்கள் பிழைக்காது. வலி தீர வழியே இல்லை என்று டாக்டர் சொன்னால், வேதனையில்லாமல் கண்மூட வைப்பதைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள். அது பாவமில்லை. பிள்ளைகளிடம் "ஓடிப்போயிடுச்சு" என்று பொய் சொல்ல வேண்டாம். கடைசி இரவில் தண்ணீரும் நிழலும் கொடுத்துப் பக்கத்தில் இருந்தோம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

முயல் நலமாக இருக்கும்போதே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையின் அளவைப் பாருங்கள். தீனியை வைத்தவுடன் ஓடி வருகிறதா என்று பாருங்கள். முயல் தெரிந்த டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, அவர் எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடித்தால் அந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது!