கடல் கடந்த வகுப்பறை

பெய்ஜிங்கில் மாலை 7 மணி என்றால், குளிர்கால நியூயார்க்கில் காலை 6 மணி. பள்ளி முடிந்து வீடு திரும்பிய சீனக் குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்க, அமெரிக்க ஆசிரியர் விடியுமுன் எழவேண்டும். 2013இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பெற்ற விஐபிகிட் நிறுவனம் இத்தகைய வகுப்புகளை நடத்தியது. பாடம் ஒன்றுக்கு 25 நிமிடம். ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் ஒருவர்.

இப்பணியைத் தொடங்குவோர்க்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. தடையற்ற இணைய இணைப்பு, அமைதியான அறை, ஒலிவாங்கி, முகத்தில் படும் வெளிச்சம் ஆகியவை போதும். விளக்கு முதுகுப்புறம் இருப்பின் முகம் இருண்டுவிடும். உதட்டசைவைக் காணாத குழந்தை ஒலிப்பை எங்ஙனம் அறியும்? ஆசிரியருக்குச் சீனமொழி தெரியாமையும் பெருந்தடையன்று. ‘ஜம்ப்’ என்று சொல்லிக் குதித்துக் காட்டினால் குழந்தையும் குதிக்கும். மொழிபெயர்ப்பின்றியே பொருள் விளங்கிவிடும். சொல்லை உடலசைவோடு இணைக்கும் இம்முறையை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர்.

ஆயினும், இவ்வாசிரியர்கள் நிறுவனத்தின் நிலையான ஊழியர்கள் அல்லர். பாடக் கணக்கில் ஊதியம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள். 2021 ஜூலையில், மாணவர்களின் வீட்டுப்பாட, தனிப்பயிற்சிச் சுமைகளைக் குறைக்க முனைந்த சீன அரசு, வெளிநாடுகளில் வாழும் ஆசிரியர்களைக் கொண்டு பயிற்சி வகுப்பு நடத்துவதைத் தடைசெய்தது. குழந்தைகளின் நலன் கருதிய முடிவே எனினும், சில மாதங்களுக்குள் அவ்விடியற்கால வகுப்புகள் நின்றன. அந்நிறுவனத்தை மட்டுமே நம்பியிருந்தோர் வருவாய் இழந்தனர். சிலர் வேறு நாட்டு மாணவர்களைத் தாமே தேடிக் கண்டு, மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினர்.