தொட்டிலும் ஏடும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்தது சாத்தான்குளம். செம்மணல் தேரிகளும் பனைமரங்களும் நிறைந்த வட்டாரம் அது. மகளிர்க்கென அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்று அங்கே உண்டு. ஆயினும், படிப்பின் இடையே தாய்மை எய்திய பெண்ணுக்குக் கல்லூரி அண்மையில் இருந்தால் மட்டும் போதாது. பச்சிளங் குழந்தை பசித்தழும் நேரத்தை வகுப்பு மணி அறியாது. இதனால் படிப்பைப் பாதியில் நிறுத்திய தாய்மார் ஊர்தோறும் உளர்.

கற்பவர் கல்வியை நாடிச் செல்ல இயலாவிடின், கல்வி அவரை நாடிச் செல்லுதல் வேண்டும். இவ்வெண்ணத்தில் தோன்றியதே தொலைநிலைக் கல்வி. 1858-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், வேற்றிடங்களில் பயில்வோரும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி வகுத்தது. நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன. பட்டப்படிப்பு முழுவதையும் இணையவழியில் நடத்துதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகளை வகுத்தது. முன்னாளில் அஞ்சற்காரர் கொணர்ந்த பாடங்கள் இன்று கைப்பேசியிலேயே வந்து சேர்கின்றன.

இம்முறையில் காலம் கற்பவருக்கு இசைந்து கொடுக்கின்றது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடிக்க ஆறாண்டு வரை இடமுண்டு. குழந்தை உறங்கும்பொழுது பாடத்தைப் படிக்கலாம். ஒப்படைப்புகளைச் சிறிது சிறிதாக எழுதலாம். ஆனால் இஃது எளிய வழி என்று எண்ணுதல் தவறு. கண்காணிக்கும் ஆசிரியர் அருகில் இலர், தேர்வும் உண்டு. தன்னைத் தானே ஆளும் திறன் வாய்ந்தவரே இதில் வெற்றி பெறுவர். சேருமுன் அப்படிப்பு மானியக் குழுவின் ஒப்புதல் பெற்றதா என்று ஆராய்தலும் இன்றியமையாதது.

திண்டுக்கல்லில் வாழ்ந்த அம்பிகா என்பாரின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவருக்கு 14 வயதில் மணம் நிகழ்ந்தது. 18 வயதில் அவர் இரு குழந்தைகளுக்குத் தாயாயிருந்தார். இளமை மணத்தால் இழந்த கல்வியை அவர் மீட்க விழைந்தார். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறினார். பின்னர்த் தொலைநிலைக் கல்வியால் பட்டமும் பெற்றார். குடிமைப்பணித் தேர்வுக்காக அவர் சென்னையில் தங்கிப் பயின்ற நாள்களில், காவலராகிய அவர் கணவரே குழந்தைகளைப் பேணினார். மூன்று முறை தோல்வி நேர்ந்தது, அவர் தளரவில்லை. 2008-ஆம் ஆண்டுத் தேர்வில் வென்று, இந்தியக் காவல் பணியில் சேர்ந்து, மகாராட்டிர மாநிலத்தில் உயர் அலுவலரானார்.

அவர் பெற்ற வெற்றியில் கணவரின் பங்கும் உண்டு. பல்கலைக்கழகம் பாடத்தை வீட்டு வாயில் வரை கொண்டுவந்து சேர்க்கும். அதனைப் படிப்பதற்குரிய ஒரு மணி நேர ஓய்வை வீட்டாரே அளித்தல் வேண்டும். தாய் ஏட்டைக் கையில் எடுக்கும்பொழுது, தொட்டிலை ஆட்டத் தந்தையின் கை நீளுமாயின், அவ்வில்லத்தில் கல்வி தழைக்கும்.