எழுதிக் கொடுக்காமல் பேசப் பழக்குவது எப்படி?

தமிழ் மொழித் தினப் போட்டிக்கான சுற்றுநிருபம் வந்து சேர்ந்ததும் கல்முனைக் கரையோரத்தின் பல பாடசாலைகளில் ஒரே வேலை தொடங்கும். ஆசிரியர் பேச்சை எழுதுவார். நன்றாக மனனம் செய்யும் பிள்ளை ஒன்று தெரிவாகும். அது காலையிலும் மாலையிலும் ஒப்புவிக்கும். வலய மட்டத்தில் வென்றால் மாகாணம், அங்கும் வென்றால் தேசியம். வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். மீலாத் விழாப் போட்டிகளிலும் பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

இதனால் வென்ற பிள்ளைக்கும் முழுப் பயன் கிடைப்பதில்லை. மேடையில் ஒரு வரி மறந்துபோனால் மொத்தப் பேச்சும் நின்றுவிடுகிறது. அடுத்த வரியைத் தானே உண்டாக்கிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் பழக்கவில்லை. கைதட்டிய பிள்ளைகளோ தரம் 11 முடியும்வரை ஒருநாளும் எழுந்து நின்று பேசாமலே வெளியேறுகிறார்கள். வீட்டிலும் விளையாட்டு மைதானத்திலும் ஓயாமல் கதைக்கிற பிள்ளைகள்தான் அவர்களும்.

தரம் 6 முதல் 9 வரையான ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே தவணையில் பேசவைக்கும் முறை இது. கிழமைக்கு ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம் போதும். இலக்கிய மன்றத்துக்கு நேரசூசியில் இடம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணிக்கூடும் உள்ளங்கை அளவு மட்டைத் துண்டுகளும் வேண்டும். ஒலிவாங்கி கடைசிக் கிழமைகளுக்கு இருந்தால் போதும்.

படி 1: இருந்த இடத்திலேயே, சோடியாக

முதல் இரண்டு கிழமையும் யாரையும் முன்னுக்குக் கூப்பிட வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள்: நேற்றுப் பாடசாலை விட்டதிலிருந்து மஃரிபு வரை என்ன நடந்தது? 40 பிள்ளைகள் என்றால் 20 பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வகுப்பு இரையும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒரு நிமிடம் முடிந்ததும் கேட்ட பிள்ளை, தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு முறை மாறும். அதன்பின் இரண்டு சோடிகளை ஒன்றாக்கி, நால்வர் குழுவில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் சோடியின் கதையைச் சொல்லட்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கும் கூட்டாளியின் கதையைச் சொல்வது எளிது.

இந்த நாளிலேயே இரண்டு ஒழுங்குகளை நிறுவிவிடுங்கள். ஒருவர் பேசும்போது வேறு யாரும் பேசக்கூடாது. யார் தடுமாறினாலும் சிரிக்கக்கூடாது. இந்த வயதில் பிள்ளைகள் பயப்படுவது ஆசிரியரின் பிழைதிருத்தலுக்கு அல்ல, கூட்டாளிகளின் சிரிப்புக்குத்தான். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவமும் இதுவே. குரல் கீச்சிட்டதற்காக ஒருமுறை வகுப்பு சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளையை மறுபடி எழுப்புவது கடினம்.

படி 2: பிள்ளைக்குத் தெரிந்த பொருள்

'காலம் பொன்னானது', 'கல்வியின் சிறப்பு' போன்ற தலைப்புகளை ஒதுக்கிவையுங்கள். 12 வயதுப் பிள்ளையிடம் அவற்றைப் பற்றிச் சொல்லச் சொந்தமாக எதுவும் இல்லாததால், கேட்ட வரிகளையே திருப்பிச் சொல்லும். மருதமுனைப் பிள்ளையின் வீட்டருகில் கைத்தறி இருக்கிறது. சம்மாந்துறைப் பிள்ளைக்கு வயல் தெரியும். நிந்தவூர், சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்குக் கடற்கரை தெரியும். 1892இல் காரைதீவில் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தரைப் பற்றி, அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டு வந்து பேசலாம். மூத்தம்மாவிடம் ஒரு நாட்டார் கவியைக் கேட்டுவந்து, அது எப்போது பாடப்பட்டது என்று விளக்கலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தப் பிள்ளைகள் பிறக்குமுன் நடந்தது. ஆனாலும் அது இன்னும் ஆறாத வீடுகள் இங்கே பல. பிள்ளை தானாக விரும்பி, வீட்டாரும் சம்மதித்தால் மட்டும் அந்தப் பொருளைக் கொடுங்கள்.

பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்டுத் தோண்ட வேண்டும். கரைவலை பற்றிப் பேச வந்த தரம் 7 பிள்ளை ஒன்று, "மீன்பிடித் தொழிலானது எமது நாட்டின் பொருளாதாரத்தில் முக்கிய இடம் வகிக்கின்றது" என்று தொடங்குகிறது என்று வையுங்கள். அதை நிறுத்திவிட்டு இப்படிக் கேட்கலாம்:

"கரைவலை இழுக்கிறதப் பாத்திருக்கீங்களா மகன்?"

"ஓம் சேர். சாச்சாவோட போவன்."

"எப்பிடி இழுப்பாங்க?"

"ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுப்பாங்க. வல கிட்ட வர வர ரெண்டு பக்கமும் நெருங்கி வருவாங்க சேர்."

"வந்ததும்?"

"மடியத் திறப்பாங்க. சில நாளைக்கு ஒண்டும் இரிக்காது."

"அப்ப என்ன செய்வாங்க?"

"ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க. சாச்சாதான், நாளைக்குப் பாப்பம் எண்டு சொல்லுவார்."

பேச்சு கிடைத்துவிட்டது. ஒன்றும் இல்லாத மடியில் தொடங்கி, சாச்சாவின் அந்தச் சொல்லில் முடிக்கலாம். ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் எந்த வரியும் இதற்கு நிகராகாது. இந்தப் படியில் உங்கள் வேலை கேட்பது மட்டுமே.

படி 3: ஒரு மட்டை, ஐந்து குறிப்பு

பேச்சை முழுதாக எழுத விடாதீர்கள். மட்டைத் துண்டில் ஐந்து குறிப்புகள் மட்டும் இருக்கட்டும்: தொடக்கம், மூன்று விடயம், முடிவு. மேலே சொன்ன பிள்ளையின் மட்டை இப்படி அமையும்:

1. ஒன்றும் இல்லாத மடி
2. விடியமுன் கடற்கரைக்கு
3. இரண்டு பக்கமும் இழுப்பது
4. மீன் பட்டால் பங்கு
5. நாளைக்குப் பார்ப்போம்

இதை வைத்துக்கொண்டு சோடியிடம் மூன்று முறை பேசட்டும். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறும், மாற வேண்டும். ஒரே விடயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை மேடையில் ஒரு சொல் மறந்தாலும் நிற்காது. வேறு சொல்லில் தொடரும்.

நேரம் 2 நிமிடம். அதில் விளிப்புக்கு ஒரு வரி போதும். ஸலாம் சொல்லி, அவையோரை ஒருமுறை விளித்துவிட்டு விடயத்துக்கு வரட்டும். அதிபர், பிரதி அதிபர், நடுவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் என்று அடுக்கிக்கொண்டு போனால் கேட்பவர்களின் முதல் கவனம் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 4: வீட்டுத் தமிழிலிருந்து மேடைத் தமிழுக்கு

முதல் தடவைகளில் வீட்டில் கதைப்பது போலவே பேச விடுங்கள். விடயம் உறுதிப்பட்ட பிறகு, மூன்றாவது முறை பேசும்போது "ஒண்டும் இரிக்காது" என்பதை "ஒன்றும் இருக்காது" என்று மாற்றச் சொல்லுங்கள். வாயால் சொல்லி வாயாலேயே மாற்ற வேண்டும். எழுதி மாற்றினால் மறுபடி மனனம் வந்துவிடும். பேச்சில் வரும் ஆட்களின் சொற்களை மாற்ற வேண்டாம். சாச்சா "நாளைக்குப் பாப்பம்" என்றே சொல்லட்டும்.

வீட்டுப் பேச்சைப் பிழையான தமிழ் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். இரண்டு மொழிநடைகளும் பிள்ளைக்குரியவை. எதை எங்கே பயன்படுத்துவது என்பதே பாடம். எழுத்துத் தமிழின் வழக்கில் உங்களுக்கே ஐயம் வந்தால், கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

படி 5: குரலும் உச்சரிப்பும்

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு முதலீடு ஏற்கனவே இருக்கிறது. குர்ஆன் மதரஸாவில் எழுத்துக்கு எழுத்து மக்ரஜ் பார்த்து ஓதுகிறார்கள். எங்கே வக்ஃப் செய்வது, எங்கே மூச்சு விடாமல் சேர்த்து ஓதுவது என்று பழகியிருக்கிறார்கள். அந்தக் கவனத்தைத் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரபியில் ஸீனையும் ஸாதையும் பிரித்து ஒலிக்கிற நாக்கால் ல, ள, ழ மூன்றையும் பிரித்து ஒலிக்க முடியும். மழை, பள்ளி, வலை என்று சொல்லி, நுனிநாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் வளைகிறது என்று பிள்ளையே கவனிக்கட்டும். ஒவ்வொரு குறிப்பு முடிந்ததும் ஒரு முழு மூச்சு அளவுக்கு நிறுத்தம் வேண்டும். இராகம் மட்டும் மேடைக்கு வேண்டாம். பேச்சு பேச்சாகவே இருக்கட்டும்.

குரல் எட்டுவதற்கு ஒரு பயிற்சி: சோடிகளை மைதானத்தில் எதிரெதிராக நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் ஓரடி பின்வாங்கிப் பேசவிடுங்கள். கத்தாமல், வயிற்றிலிருந்து மூச்செடுத்து, வாயை நன்றாகத் திறந்து பேசினால் எட்டும். தொண்டை கரகரத்தால் உடனே நிறுத்துங்கள். குரல் உடையும் பருவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது கண்டிப்பான விதி.

படி 6: முன்னுக்கு வருவது

அடுத்த நான்கு கிழமைகளுக்கு, ஒரு பாடவேளைக்கு 10 பேர். பேச்சுக்கு 2 நிமிடம், கருத்துக்கு ஒரு நிமிடம் என்றால் 30 நிமிடத்தில் முடியும். 40 பேர் வகுப்பிலும் ஒருவர்கூடத் தவறாமல் முறை வந்துவிடும். இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்க நிற்கட்டும். சுவரையோ கூரையையோ பார்க்காமல், இடப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என மூன்று முகங்களைப் பார்த்துப் பேசட்டும். விரலை ஆட்டி முழங்கும் நாடகச் சைகைகளைப் பழக்க வேண்டாம். சொல்வதில் பிள்ளைக்கு ஈடுபாடு இருந்தால் கை தானாக அசையும்.

நெஞ்சு படபடக்கும், வாய் காயும், கை நடுங்கும். இது உடம்பு தன்னைத் தயார்ப்படுத்துவது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். ஹார்வர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த அலிசன் வூட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களே நன்றாகப் பேசியதாக மதிப்பிடப்பட்டார்கள். "பயப்படாதே" என்பதற்குப் பதிலாக, "இதச் சொல்ல ஆசையா இருக்குத்தானே, சொல்லுங்க" என்பது உதவும். பிஸ்மி சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, மூன்று முகங்களையும் பார்த்தபின் முதற்சொல் வரட்டும்.

திக்கிப் பேசும் பிள்ளை இருந்தால் அதன் வசனத்தை யாரும் முடித்துக் கொடுக்கக்கூடாது. நேரக் கட்டுப்பாட்டையும் அந்தப் பிள்ளைக்குத் தளர்த்துங்கள். பெற்றோரிடம் பேச்சுச் சிகிச்சை பற்றித் தனியாகக் கதைக்கலாம்.

படி 7: கருத்துச் சொல்லும் முறை

பேச்சின் நடுவில் திருத்தவே வேண்டாம். முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் தம் மனதில் நின்ற ஒன்றைச் சொல்லட்டும். "நல்லா இருந்திச்சு" என்பது போதாது, "மடியில ஒண்டும் இல்லாத இடம் மனசில நிண்டுட்டு" என்பதுபோல் குறிப்பாக இருக்க வேண்டும். அதன்பின் ஆசிரியர் அடுத்த முறைக்கு மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லட்டும். ஐந்து பிழைகளைச் சொன்னால் பிள்ளை ஒன்றையும் திருத்தாது.

படி 8: கேள்விக்குப் பதில், பிறகு விவாதம்

எல்லோரும் ஒருமுறை பேசிய பிறகு, பேச்சின் முடிவில் இரண்டு கேள்விகளை அனுமதியுங்கள். தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்" என்பதும் நல்ல பதிலே. அடுத்த கிழமை சிறு விவாதம். கடற்கரையில் குப்பை போடுவோருக்குத் தண்டம் விதிக்கலாமா, பாடசாலைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரலாமா என்பவை போதும். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். தான் நம்பாத பக்கத்துக்கும் நியாயம் தேடிப் பழகிய பிள்ளை, மாணவர் பாராளுமன்றத்தில் எதிரே இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும்.

படி 9: போட்டி வரும்போது

இப்போது போட்டிக்குத் தெரிவுசெய்ய ஒரு வகுப்பே இருக்கிறது. கொடுத்த தலைப்பு பொதுவானதாக இருந்தாலும் முறை ஒன்றுதான். அந்தத் தலைப்பு தன் வீட்டில், தெருவில் எங்கே தெரிகிறது என்று பிள்ளை தேட வேண்டும். முதல் வரியும் கடைசி வரியும் மனனமாக இருக்கட்டும், நடுவில் குறிப்புகள் போதும். நேரத்தை மணிக்கூட்டில் பார்த்துப் பழக்குங்கள். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வைத்து, ஒலிபெருக்கிப் பெட்டியை நோக்கித் திருப்பாமல் பேசவும் ஒருநாள் பயிற்சி வேண்டும்.

நல்ல பேச்சுகளைக் கேட்கவும் வையுங்கள். சம்மாந்துறையில் 1948இல் பிறந்த எம். எச். எம். அஷ்ரஃப் சட்டத்தரணி, அரசியல் தலைவர், 'நான் எனும் நீ' தந்த கவிஞர். அவர் மேடைப் பேச்சு இந்தக் கரை முழுவதும் அறிந்தது. அவரது ஒலிப்பதிவு கிடைத்தால் எங்கே நிறுத்துகிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார் என்று குறிக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை குத்பாவிலும் அதே கவனிப்பைச் செய்யலாம். குரலை அப்படியே பின்பற்ற வேண்டாம், அடுக்கும் முறையை எடுத்துக்கொண்டால் போதும்.

வீட்டாருக்கு

உம்மாவும் வாப்பாவும் பேச்சைத் திருத்த வேண்டியதில்லை. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 நிமிடம் கைத்தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டால் போதும். காக்காவுக்குக் கிடைக்கும் அந்த 2 நிமிடம் தங்கச்சிக்கும் கிடைக்க வேண்டும். நேர்முகப் பரீட்சையில், வைத்தியரிடம், கிராம சேவகர் அலுவலகத்தில் தன் தேவையைத் தானே தெளிவாகச் சொல்ல வேண்டிய நாள் பெண்பிள்ளைக்கும் வரும். அந்த நாளில் கேடயம் துணைக்கு வராது, பழகிய வாய்தான் வரும்.

அடுத்த தவணை நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளையை இப்போதே குறித்துவையுங்கள். பெயர்ப் பட்டியலை எடுத்து, இதுவரை ஒரு மேடையிலும் ஏறாத பிள்ளைகளுக்கு அடையாளமிடுங்கள். முன்னுக்கு வரும் முறை அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.