ப்ரீஆம்ப் வாங்கினால் கிதார் பேசுமா?

கேள்வி: எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப் இல்லாமல் நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகிப் பதிவு செய்கிறேன். ஒலி மந்தமாக, உயிரில்லாமல் இருக்கிறது. தனி ப்ரீஆம்ப் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்றொரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தியிருக்கிறீர்களா? பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப், எதிரே சுமார் 10 லட்சம் ஓம் மின்மறுப்பை எதிர்பார்க்கிறது. மைக் இன்புட்டில் சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். அதில் செருகினால் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். அதன் பிறகு எத்தனை ஈக்யூ திருகினாலும் பழைய பளிச் திரும்பாது.

பலமாக அடிக்கும்போதும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். ஆம்ப் சிமுலேட்டர் போட்டுக் கேளுங்கள். ஆம்ப் இல்லாமல் நேரடியாகப் பதிவாகும் வெறும் டி.ஐ. ஒலி எவர் வாசித்தாலும் உப்பில்லாப் பண்டம்தான்.

ப்ரீஆம்ப் வீண் என்று சொல்லவில்லை. 1968-ல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டுக்காகக் கிதாரை நேரே ஸ்டூடியோ கன்சோலில் செருகி, இரண்டு வால்வ் ப்ரீஆம்ப்களை அடுத்தடுத்துக் கோத்துத் திணறவிட்டார்கள். அந்தக் காட்டுக் கரகரப்பு அப்படி வந்ததே! அதுபோல ஒலியை உடைக்க ஆசையென்றால் வாங்கலாம். சுத்தமான ஒலிக்கென்றால், இன்றைய இன்டர்ஃபேஸுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். வாங்கினாலும் அதன் அவுட்புட்டை லைன் இன்புட்டில் கொடுங்கள், மைக்கில் அல்ல.

ஆமாம், கம்பி மாற்றி எத்தனை மாதமாகிறது?