வலியே தெரியாதாம்!

"தினம் கொஞ்ச நேரம் மைண்ட்ஃபுல்னஸ் பண்ணினா பிரசவ வலியே தெரியாதாமே டாக்டர்?"

ஒன்பதாம் மாதச் செக்கப்புக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததாம். வளைகாப்பில் ஒரு அக்கா சொன்னாராம். சொன்னவர்கள் ஒரு ராத்திரி லேபர் வார்டில் நின்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

வலிக்கும். கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் விரிய வேண்டும். அதற்காகக் கர்ப்பப்பைத் தசை மணிக்கணக்கில் இறுகி இறுகித் தளர்கிறது. மூச்சை இழுத்துவிட்டு இதை இல்லாமல் பண்ண முடியாது. மைண்ட்ஃபுல்னஸ் என்பது இந்த நொடியைக் கவனிக்கப் பழகும் பயிற்சி. இதைப் பிரசவத்துக்கென்றே வகுப்பாக்கி, 1998 முதல் நடத்திவந்தவர் நான்சி பார்டாக்கி என்ற அமெரிக்க மருத்துவச்சி. அவரும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 30 பெண்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு 'சமாளித்துவிடுவேன்' என்ற தைரியம் கூடியது, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. வலியின் அளவில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

சின்ன ஆய்வுதான். ஆனால் வாட்ஸ்அப்பை விட மேல்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்தக் கதையை நம்பி வருகிற பெண், இடுப்பு வலி எடுத்ததும் 'நான்தான் ஒழுங்காப் பண்ணலை' என்று அழுகிறாள். முதுகில் போடும் வலிநிவாரண ஊசியான எபிடியூரலைக் கேட்கவே கூச்சப்படுகிறாள். பயத்தைப் போக்குகிறேன் என்று சொல்லி, தோற்றுப்போன எண்ணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

பிறகு எதற்கு இந்தப் பயிற்சி? ஒரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடி, ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். பிரசவ வலி ஒவ்வொரு முறை வரும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் நீடிக்கும். ஐஸ் சுடுகிற மாதிரி இருக்கும். பல்லைக் கடிப்பீர்கள், தோள் காதுவரை ஏறும், 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று மனசு ஓடும். கை வலிப்பது ஒரு பங்கு. மற்றதெல்லாம் நாம் சேர்ப்பது. தோளை இறக்கி, மூச்சைக் கவனித்து, இந்த நொடியில் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வலி அப்படியே இருக்கும், அதோடு மல்லுக்கட்டுவது குறையும். வலிக்கும் வலிக்கும் நடுவில் கிடைக்கிற சில நிமிஷ ஓய்வைப் பயத்தில் தொலைக்காமல் இருக்கலாம். பயிற்சியின் பயன் இவ்வளவுதான். இது சின்ன விஷயமும் இல்லை. நெதர்லாந்தில் கடுமையான பிரசவ பயம் இருந்த 141 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்விலும் பயமும், வலியைப் பூதாகரமாக நினைத்துக்கொள்வதும் குறைந்தன.

மற்ற கேள்விகளைச் சட்டென்று முடிக்கிறேன். மனசைக் காலியாக்க வேண்டுமா? யாராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. அம்மா பயந்தால் பிள்ளை பயந்தாங்கொள்ளி ஆகுமா? அப்படி விதி எதுவும் இல்லை, இதைச் சொல்லிப் பயமுறுத்துவதை முதலில் நிறுத்துங்கள். எபிடியூரல் போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலியா? ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. எல்லாப் பயத்தையும் மூச்சுவிட்டே ஆற்றலாமா? கூடவே கூடாது. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ கண்ணை மூடி உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பயத்தில் தூக்கமே வராமல் செக்கப்பையே தள்ளிப்போடுகிறவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும், தியான ஆப் போதாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கத்தாதே' என்று அதட்டுகிற வார்டில் எந்தப் பயிற்சியும் நிற்காது. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளை 2017இல் காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக்குழு தொகுத்துப் பார்த்தது: விடாமல் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பெண் துணை ஒருவர் உடனிருக்கும் ஏற்பாடு உண்டு. பணம் கட்டிச் சேரும் பல இடங்களில் அம்மாவும் கணவரும் கதவுக்கு வெளியே பெஞ்சில்தான். அடுத்த செக்கப்பில் 'சுகப்பிரசவம் ஆகுமா' என்பதோடு, 'உள்ளே என்கூட யார் இருக்கலாம்' என்றும் கேளுங்கள். இடமில்லை என்பார்கள். ஒரு ஸ்டூல் போடுகிற இடம் போதும் என்று சொல்லுங்கள்.