பழுதான விளையாட்டுப் பலகையும் பழுது நீக்கும் முறையும்

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978ஆம் ஆண்டில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. அதன் மின்சுற்றுப் பலகை பழுதானால் சிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது முறையன்று. பழுதின் காரணத்தைப் படிப்படியாகத் தேட வேண்டும்.

முதற்படி, கண்ணால் காணுதல். விரிசல், கருகிய பாகம், துருப்பிடித்த முனை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மின்னழுத்தம். இப்பலகையின் மூளையான 8080 சிப்புக்கு +5, -5, +12 என மூன்று வோல்ட் அளவுகள் தேவை. ஒன்று குறைந்தாலும் அது சரியாக இயங்காது. அளவு மிகுந்தாலோ நல்ல சிப்புகளும் கருகிவிடும். ஆகவே பலகையை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரால் அளத்தல் நலம்.

மூன்றாவது, துடிப்பு. பலகையிலுள்ள படிகம் நொடிக்கு 1,99,68,000 முறை அதிர்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு வேகமே 8080க்குச் செல்கிறது. இத்துடிப்பு நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

நான்காவது, நினைவகம். திரையின் அகலம் 224 புள்ளிகள், உயரம் 256 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு பிட் உண்டு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே மொத்தம் 7,168 பைட். ஒரு பைட்டின் எட்டு பிட்களையும் எட்டுத் தனிச் சிப்புகள் தாங்குகின்றன. அவற்றுள் ஒன்று கெட்டால், எட்டு வரிகளுக்கு ஒன்றாகத் திரையில் கோடுகள் தோன்றும். கெட்ட சிப்பு எது என்பதைப் படமே காட்டிக்கொடுக்கிறது!

பழைய சிப்புகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அவசரமாகச் சூடேற்றிக் கழற்றினால் பலகையின் செம்புப் பாதையும் பெயர்ந்துவிடும். நோயின் மூலத்தை அறிந்து மருந்து தரும் மருத்துவரைப் போல, பழுதின் மூலத்தை அறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுப்போமாக!